உபுண்டுவில் பல பைதான் பதிப்புகள்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவின் 20.04 காலத்திலிருந்து ஒரே மடிக்கணினியில் பைதான் நிரல்மொழியின் மூன்று நான்கு பதிப்புகளை வைத்து வேலை செய்து வருகிறேன். ஜாங்கோவில் (பைதானில் இணையதளம் கட்ட உதவும் சட்டகம்) எழுதிய பழைய ப்ராஜெக்ட் ஒன்று 3.8-ஐ விட்டு நகராது. புதிதாக எழுதுவதெல்லாம் 3.12. இத்தனை நாளில் ஒரு விதியை மட்டும் நான் தளர்த்தியதே இல்லை: உபுண்டுவோடு வந்த பைதானைத் தொடக்கூடாது.

அது இயங்குதளத்தின் சொந்த வேலைக்காக இருப்பது. 20.04-இல் 3.8, 22.04-இல் 3.10, 24.04-இல் 3.12 என்று வெளியீட்டுக்கு ஒன்று. 'பைதான்3' என்று தட்டினால் வேறு பதிப்பு வரும்படி அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் கட்டளையால் மாற்றச் சொல்லும் குறிப்புகள் இன்றும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. தயவுசெய்து செய்யாதீர்கள். க்னோம் டெர்மினல் திறக்காமல் போகும், ஏபிடி (உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் கருவி) தொடர்பான கருவிகள் மாட்யூல் (அவற்றுக்குத் தேவையான பைதான் நிரல்கூறு) இல்லை என்று நின்றுவிடும். அந்த மாட்யூல்கள் உபுண்டுவின் பைதான் பதிப்புக்கென்றே கம்பைல் ஆனவை (கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றப்பட்டவை). 23.04-இலிருந்து அந்தப் பைதானுக்குள் பிப் (பைதான் பேக்கேஜ்களை நிறுவும் கருவி) நேரடியாக எதையும் நிறுவ மறுக்கிறது. பலருக்கு எரிச்சல். எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது.

பல பதிப்புகளை நிர்வகிக்கப் பல காலம் பைஎன்வ் என்ற கருவியைப் பயன்படுத்தினேன். ப்ராஜெக்ட் கோப்புறையில் பதிப்பு எண் எழுதிய சிறு கோப்பு ஒன்று இருந்தால் போதும், உள்ளே நுழைந்ததும் அந்தப் பைதான்தான் ஓடும். ஆனால் ஒவ்வொரு பதிப்பையும் மூலநிரலிலிருந்து கம்பைல் செய்கிறது. எஸ்க்யூலைட் தரவுத்தளத்தின் டெவ் பேக்கேஜ் (கம்பைல் செய்யத் தேவையான கோப்புகள்) கணினியில் இல்லையென்றால் ஓர் எச்சரிக்கையோடு வேலையை முடித்துவிடும். குறை தெரிவது பிறகு ஜாங்கோவை ஓட்டும்போதுதான்.

அதே வேலையைச் செய்யும், 2024-இல் வந்த யூவி என்ற கருவிக்கு மாறியபின் அந்தக் காத்திருப்பு போய்விட்டது. முன்பே கம்பைல் செய்த பைதானை இறக்கிக்கொள்வதால் சில நொடிகளில் தயார். பைஎன்வின் பதிப்புக் கோப்பையே இதுவும் படிக்கிறது, அதனால் ப்ராஜெக்ட்டுகளில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

உண்மையான பலன் உபுண்டுவை மேம்படுத்தும்போது தெரிந்தது. இயங்குதளத்தின் பைதானை வைத்து உருவாக்கிய வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டுகள் (ஒவ்வொரு ப்ராஜெக்ட்டின் பேக்கேஜ்களையும் தனியே வைக்கும் கோப்புறைகள்), கீழே இருக்கும் பதிப்பு மாறியதும் உடைந்துவிடும். ஹோம் கோப்புறைக்குள் தனியாக நிறுவிய பைதான்மேல் நின்றவை அப்படியே ஓடின.

அப்புறம், கிரான் வேலைகள், அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை. அங்கே நம் ஷெல் அமைப்புகள் ஏறாது, எனவே என்விரான்மென்ட்டுக்குள் இருக்கும் பைதானின் முழுப் பாதையை எழுதிவிடுகிறேன். பிப்பையும் தனியாக அழைக்காமல் குறிப்பிட்ட பைதானைக் கொண்டே ஒரு மாட்யூலை ஓட்டும் '-எம்' விருப்பத்தின் வழியாகவே அழைக்கிறேன். எந்தப் பதிப்புக்குள் பேக்கேஜ் போகிறது என்ற சந்தேகமே வராது.

3.8-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 அக்டோபரோடு நின்றுவிட்டன. அந்தப் பதிப்பை ஆதரிக்கும் கடைசி ஜாங்கோ 4.2. பழைய ப்ராஜெக்ட்டை முதலில் அந்த 4.2-க்குக் கொண்டுவந்து, பிறகு பைதானை 3.12 ஆக்குவதுதான் இப்போது கையிலிருக்கும் வேலை. இரண்டையும் ஓடவிட்டு ஒப்பிட முடிவதால் தைரியமாகச் செய்கிறேன்.