நாகூர் ஓசையைக் கடல் கடத்த: ஜூம் எச்1 எசென்ஷியல் ரெக்கார்டர்

நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கிலும் சிங்கப்பூரிலும் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஊர்ச் சத்தத்தைக் கேட்கக் கொடுத்து, அவர்கள் பேசுவதையும் பதிந்து, இரண்டையும் கோத்து ஒலிப் படைப்பு செய்பவர்களுக்கு இது நல்ல முதல் கருவி.

இதன் பலம் 32-பிட் ஃப்ளோட், அதாவது மெல்லிய சத்தத்தையும் பெரிய சத்தத்தையும் ஒரே பதிவில் பிடிக்கும் முறை. பதியும் அளவைக் கூட்டிக் குறைக்கும் கெயின் திருகு கிடையாது. நாகூர் தர்காவின் கந்தூரி விழா ஊர்வலத்தில் முணுமுணுப்பான துஆவும் (பிரார்த்தனை) வெடிச் சத்தமும் அடுத்தடுத்து வந்தாலும் எடிட்டிங்கில் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். அதை நம்பித் தவிலுக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டாம். மைக் தாங்குவது 120 டெசிபல் வரைதான்; அதற்கு மேல் போனால் ஒலி மைக்கிலேயே உடைந்துவிடும், எந்த பிட்டாலும் மீட்க முடியாது. 1 மீட்டரிலிருந்து 4 மீட்டருக்குத் தள்ளி நின்றால் திறந்தவெளியில் சுமார் 12 டெசிபல் குறையும்.

கொள்ளிடக் கரை இரவு வேறு சிக்கல். அங்கே மைக்கின் சொந்த இரைச்சல் 'உஸ்' என்று மேலெழும். 3.5 மி.மீ. துளையில் இரைச்சல் குறைந்த மைக்கைச் செருகுங்கள், அல்லது மதகுக்கு நெருக்கமாக வையுங்கள். ஆடிக் காற்றுக்கு ஸ்பாஞ்ச் உறை போதாது. முடி வைத்த உறை கட்டாயம். கையில் பிடித்தால் விரல் உரசலும் பதிவாகும், சின்ன ஸ்டாண்டில் மாட்டிவிடுங்கள்.

வீட்டுப் பேட்டிக்கு மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும். டெல்டா வெயிலில் பெரியவர்களை அப்படி நெடுநேரம் உட்கார வைப்பது நியாயமில்லை. பத்துப் பத்து நிமிடமாக எடுங்கள். யாரும் பேசாத அறையையும் ஒரு நிமிடம் பதியுங்கள், வெட்டி ஒட்டும்போது கைகொடுக்கும்.

பலர் கோட்டை விடுவது அனுப்பும் இடத்தில். வாட்ஸ்அப் அழைப்பில் போட்டுக் காட்டினால், பேச்சு அல்லாததை இரைச்சல் என்று எண்ணி நகரா முரசின் அடியையே அது அமுக்கிவிடும். கோப்பை 'டாக்குமென்ட்' ஆகப் பேரப்பிள்ளைகளுக்கு முன்கூட்டியே அனுப்பி, ஹெட்போனில் கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் பேச்சை அவர்கள் கைபேசியிலேயே பதியட்டும். கேட்டு முடித்ததும் கேள்வி கேட்காமல் அரை நிமிடம் விட்டுவிடுங்கள், "பின்னாடி கூவுறது யாரு, மீன்காரம்மாவா?" என்று அவர்களே ஆரம்பிப்பார்கள். வேண்டியது அந்தப் பேச்சுதான்.

48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் மணிக்குச் சுமார் 1.4 ஜிபி ஆகும். அனுப்புமுன் ஒலி அளவைச் சரிசெய்து 24-பிட் வேவ் (WAV) கோப்பாக்குங்கள். 32-பிட் ஃப்ளோட் எல்லாக் கைபேசியிலும் ஓடாது.