ஓட்டு எண்ண யாரை உட்கார வைப்பது?

எண்ணும் மேஜையில் அரசு ஊழியரா, பக்கத்துத் தெருக்காரரா, கட்சிக்காரரா? மூன்றும் உலகத்தில் நடைமுறையில் இருக்கிறது.

மெக்சிகோவில் குலுக்கல். முதலில் பிறந்த மாதத்தைக் குலுக்குவார்கள், அப்புறம் குடும்பப் பெயரின் முதல் எழுத்தை. அதில் தேறியவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வாக்குச்சாவடியை ஒப்படைக்கிறார்கள். வாக்குப்பதிவு முடிந்ததும் அங்கேயே எண்ணுவதும் அவர்கள்தான். இவர்களை இடமாற்றம் செய்வேன் என்று யாரும் மிரட்ட முடியாது. ஆனால் பழக்கமில்லாத கை, நாள் முழுக்க உழைத்த களைப்பு வேறு. ஜெர்மனியிலும் குடிமக்கள்தான் எண்ணுகிறார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே போய் நின்று பார்க்கலாம்.

இந்தியாவில் குலுக்கல் ஊழியர்களுக்குள்ளேயே நடக்கிறது. மேஜைக்கு ஒரு மேற்பார்வையாளர், ஒரு உதவியாளர், கூடவே மத்திய அரசு ஊழியரான நுண் பார்வையாளர். மூன்று கட்டக் குலுக்கல். எந்த மேஜை என்பது எண்ணும் நாள் அதிகாலையில்தான் தெரியும். முந்தின ராத்திரி பேரம் பேச நினைப்பவருக்கு யாரிடம் பேசுவது என்றே தெரியாது. சரி, மேஜையில் என்ன நடக்கிறது? மேற்பார்வையாளர் பட்டனை அழுத்தி, இயந்திரத்தின் திரையைக் கம்பி வலைப் பக்கம் திருப்பிக் காட்டுவார். வலைக்கு அந்தப் பக்கம் வேட்பாளர்களின் முகவர்கள் எட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டு, மொத்தம் 17சி படிவத்தோடு, அதாவது சாவடியில் பதிவான ஓட்டுக் கணக்கோடு, பொருந்துகிறதா என்று கூட்டிப் பார்ப்பார்கள்.

கட்சிக்காரர் விஷயத்தை நீட்ட வேண்டியதில்லை. 2024 ஜனவரியில் சண்டிகர் மேயர் தேர்தலை நடத்தியவர் பாஜகவைச் சேர்ந்த நியமன உறுப்பினர். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே 8 சீட்டுகளில் பேனாவால் கிறுக்கி, செல்லாது என்றார். 20 ஓட்டு வாங்கியவர் 12 என்று ஆகி, 16 வாங்கிய பாஜக வேட்பாளரிடம் தோற்றார். பிப்ரவரி 20 அன்று உச்ச நீதிமன்றம்தான் அதைத் திருப்பியது.

என் ஓட்டு இந்திய முறைக்கே, ஒரு குறையோடு. குலுக்கல் மேஜையோடு நின்றுவிடுகிறது. தபால் ஓட்டு செல்லுமா, மறு எண்ணிக்கை உண்டா என்று முடிவெடுக்கும் தேர்தல் நடத்தும் அலுவலர் யார் என்பது ஊருக்கே முன்கூட்டித் தெரியும். அவரைக் கவனிக்கத் தேர்தல் ஆணையம் ஒரு பார்வையாளரை அனுப்புகிறது. வெற்றி வித்தியாசம் தள்ளுபடியான தபால் ஓட்டுகளைவிடக் குறைவாக இருந்தால், தள்ளுபடியான அத்தனையும் அந்தப் பார்வையாளர் முன்னால் மறுபடி சரிபார்க்கப்படும், வீடியோ ஓடிக்கொண்டிருக்க.