புதுப் பெட்டிக்குள் பழைய பிரிண்டர்

வீட்டுக்குப் பிரிண்டர் வாங்கப் போகிறவர்கள் பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன்பு ஒரு காரியம் செய்யுங்கள். பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணையும் பிரிண்டரின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணையும் எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள். என் வீட்டுக்கு வந்ததில் இரண்டும் வேறு வேறு. பெட்டி புதிது, உள்ளே இருந்தது யாரோ ஓட்டித் தேய்த்த மிஷின். விற்றது நடைபாதைக் கடை என்று நினைக்க வேண்டாம். கோவை காந்திபுரத்தில் கண்ணாடிக் கதவு போட்டு, ஏசி ஓட, நாலைந்து பேர் வேலை பார்க்கிற கடை.

நான் வீட்டில் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். வாரத் தேர்வு வைத்தால் வினாத்தாள் அச்சடித்தாக வேண்டும். எங்கள் தெரு ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். போதாததற்கு, வினாத்தாள் முதல் நாளே அங்கே போனால், என் மாணவர்களில் யாராவது ஒருவன் அதே கடையில் வேறு ஏதோ நகல் எடுக்க வந்து நிற்பான். ஆகவே பிரிண்டர் வாங்குவது என்று முடிவானது.

கணக்கு டீச்சர் கணக்குப் போடாமல் வாங்கவில்லை. மை அடைத்த சிறு டப்பாவை (கார்ட்ரிட்ஜ்) தீரத் தீர மாற்றிப் போடும் பிரிண்டர் மூவாயிரம், நாலாயிரம் ரூபாய்க்கே கிடைக்கும். ஆனால் பரவலாக விற்கும் ஒரு சிறிய கறுப்புக் கார்ட்ரிட்ஜ் 800 ரூபாயை ஒட்டி வருகிறது; அதில் அச்சாகும் பக்கங்கள் 120 என்று தயாரிப்பாளரே சொல்கிறார். பக்கத்துக்கு ஆறரை ரூபாய்க்கு மேல்! ஜெராக்ஸ் கடைக்காரர் இதைவிட மூன்று மடங்கு நல்லவர். பாட்டிலிலிருந்து மையை ஊற்றி நிரப்பும் இங்க் டேங்க் பிரிண்டரின் விலை பதினோராயிரத்தைத் தாண்டுகிறது. ஆனால் 400 ரூபாய் அளவில் கிடைக்கும் 65 மில்லி கறுப்பு மை பாட்டிலுக்கு 4,500 பக்கம் என்று போட்டிருக்கிறார்கள். பக்கத்துக்குப் பத்துப் பைசாகூட வராது. இந்த எண்ணிக்கைகள் தொடர்ந்து அச்சடித்துச் சோதித்துப் பெறப்பட்டவை. வீட்டில் விட்டு விட்டு அச்சடிக்கும்போது, தாளில் மையைத் தெளிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்யவே கொஞ்சம் மை போய்விடுவதால், குறைவாகத்தான் கிடைக்கும். பாதியே கிடைத்தாலும் டேங்க்தான் மலிவு. இதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

அந்தக் கடையில் மற்ற இடங்களைவிட ஆயிரம் ரூபாய் குறைத்துச் சொன்னார்கள். "பழைய ஸ்டாக்கை முடிக்கிறோம் டீச்சர், அதனால்தான் இந்த விலை. ஆளை அனுப்பி இன்ஸ்டால் செய்தும் தருகிறோம், அதற்குப் பைசா வேண்டாம்" என்றார் முதலாளி. ஜிஎஸ்டி பில் கேட்டேன், கொடுத்தார். பில்லில் சீரியல் எண்ணும் இருந்தது. சாயங்காலம் ஒரு பையன் பிரிண்டரைப் பைக்கில் வைத்துக் கொண்டுவந்தான். பெட்டியைப் பிரித்து வெளியே எடுத்தபோதே டேங்க்குகளில் மை தளதளவென்று நின்றது. "கடையிலேயே டெஸ்ட் செய்து மை ஏற்றிவிட்டோம் டீச்சர், உங்களுக்கு நேரம் மிச்சம்" என்றான்.

மோசடி முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருந்தது. புதிய இங்க் டேங்க் பிரிண்டர் தொழிற்சாலையிலிருந்து வரும்போது டேங்க்கில் மை இருக்காது. மை பாட்டில்கள் சீல் உடையாமல் தனியாக வரும். நாம் ஊற்றிய பிறகு, பிரிண்டர் பல நிமிடங்கள் கரகரவென்று சத்தம் போட்டபடி டேங்க்கிலிருந்து குழாய் வழியாக ஹெட் வரைக்கும் மையை இழுத்துக்கொள்ளும். இது ஒரே ஒரு முறை நடப்பது. இதை நம் கண் முன்னால் செய்தால் பிரிண்டர் புதிதா பழையதா என்பது அப்போதே தெரிந்துவிடும். அதனால்தான் "கடையிலேயே செய்துவிட்டோம்". மை நிரம்பிய பிரிண்டரைச் சாய்க்காமல் தூக்கிப் போகச் சொல்லிக் கையேட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது. அதை பைக்கில் வைத்து வேகத்தடைகளில் குதித்துக் கொண்டுவரும் அவசியம் எந்த நேர்மையான கடைக்கும் இல்லை.

சில மாதங்கள் ஒழுங்காகத்தான் ஓடியது. அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது ஒரு நாள் இரண்டு சிவப்பு விளக்குகளும் மாறி மாறிச் சிமிட்டின. பிரிண்டர் அதற்கு மேல் ஒரு தாளைக்கூட இழுக்கவில்லை. கணினித் திரையில் இங்க் பேடின் ஆயுள் முடிந்துவிட்டதாகச் செய்தி. ஹெட்டைச் சுத்தம் செய்யும்போது கழியும் மையைக் குடிப்பதற்காகப் பிரிண்டருக்குள் அடியில் ஒரு தடித்த பஞ்சுப் பட்டை இருக்கிறது. அதுதான் இங்க் பேட். அது எவ்வளவு குடித்திருக்கிறது என்று பிரிண்டர் தானே ஒரு கணக்கு வைத்திருக்கும். அளவு நிரம்பியதும் மை வெளியே வழியாமல் இருக்கத் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். சாதாரண வீட்டு உபயோகத்தில் இந்தச் செய்தி வர ஆண்டுகள் ஆகும். எனக்கு மாதங்களில் வந்தது.

பிரிண்டரைத் தூக்கிப் பார்த்தேன். மேசை விரிப்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலக் கறை, தொட்டால் பிசுபிசுத்தது. பேட் நிரம்பி வழிந்த பிறகும் ஓடியிருக்கிறது என்றால், அதற்கு முன்பே யாரோ பஞ்சை மாற்றாமல் கணக்கை மட்டும் பூஜ்யமாக்கி ஓட்டியிருக்கிறார்கள். அதற்கென்றே மென்பொருள் இருக்கிறது. கடைகளில் "ரீசெட்" என்பார்கள்.

கடைக்குப் போன் செய்தேன். "டியூஷனுக்கு நிறைய அடித்திருப்பீர்கள் டீச்சர். கொண்டுவாருங்கள், 700 ரூபாயில் ரீசெட் செய்து தருகிறோம்" என்றார்கள். நான் நேரே தயாரிப்பாளரின் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன்.

(இடையில் ஒரு வார்த்தை. சர்வீஸ் சென்டர் எண்ணை கூகுளில் தேடி மேலே வரும் முதல் எண்ணுக்கு அடித்துவிடாதீர்கள். முதலில் எனக்குக் கிடைத்த எண்ணில் பேசியவர், ஒரு செயலியை இறக்கி என் கணினித் திரையை அவருக்குக் காட்டச் சொன்னார். டிரைவர் (கணினியிலிருந்து பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) காலாவதியாகிவிட்டதாம், பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டுமாம். டிரைவருக்கு யாரும் பணம் வாங்குவதில்லை. போனை வைத்துவிட்டேன். பெட்டியிலோ கையேட்டிலோ அச்சிட்டிருக்கும் எண்தான் சரியான எண். இப்படிப் பணத்தை இழந்தவர்கள் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும்.)

சர்வீஸ் சென்டரில் இருந்த இளைஞர் பிரிண்டரைத் தன் கணினியில் இணைத்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். அதுவரை அச்சடித்த மொத்தப் பக்கங்கள் 21,384. என் டியூஷன் பிள்ளைகள் அத்தனை பேரும் பொதுத்தேர்வு முடியும்வரை தினமும் பரீட்சை எழுதினாலும் அந்த எண்ணிக்கையில் பாதி வராது. பிறகு அடிமூடியைக் கழற்றிப் பஞ்சை எடுத்துக் காட்டினார். கரித்துண்டு போல இறுகியிருந்தது. "மேடம், பில்லில் இருக்கும் சீரியல் எண் இந்த மிஷினுடையது அல்ல. இந்த மிஷினின் எண் வாரண்டி முடிந்த எண்" என்றார். இந்த மாதிரிக்கு வாரண்டி ஓராண்டு அல்லது 30,000 பக்கம், எது முந்துகிறதோ அது. பில்லில் இருந்ததோ பெட்டியின் எண். பெட்டிக்கு உரிய புதிய பிரிண்டர் எங்கே போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வேறு எவருக்கோ பெட்டியில்லாமல், பில்லில்லாமல் போயிருக்கலாம் என்பது என் ஊகம்.

கடைக்குத் திரும்பினேன். முதலாளி என் முகத்தைப் பார்த்துக் கூசாமல், "நீங்கள் வேறு எங்கேயோ மிஷினை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறீர்கள்" என்றார். ஆத்திரம் தலைக்கேறியது. ஆனால் என்னிடம் ஒரு படம் இருந்தது. இன்ஸ்டால் செய்ய வந்த பையன், வேலையை முடித்ததற்குச் சான்றாகப் பிரிண்டரின் முதுகு ஸ்டிக்கரைப் படமெடுத்து, கடைக்கும் எனக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். பாவம், அவனுக்கு விவகாரம் தெரிந்திருக்காது. பழைய மிஷினின் எண், இன்ஸ்டால் செய்த நாளின் தேதியோடு பளிச்சென்று இருந்தது. படத்தைக் காட்டியதும் குரல் இறங்கியது. "டிஸ்ட்ரிபியூட்டர் அனுப்பியதைத்தான் நாங்கள் கொடுத்தோம்" என்று ஆரம்பித்து, கடைசியில் பில்லின் அடியில் இருந்த வரியை விரலால் தட்டிக் காட்டினார்: விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.

அந்த வரிக்கு மதிப்பில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழைய பொருளையோ பழுதுபார்த்த பொருளையோ புதியது என்று சொல்லி விற்பதை நியாயமற்ற வணிக நடவடிக்கை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. குறைபாடுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும், பில் தர மறுப்பதும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அது நீதிமன்றம் அல்ல, புகாரைப் பதிந்து எதிர்த்தரப்புக்கு அனுப்பிப் பேசித் தீர்க்கப் பார்க்கும் அமைப்பு. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டியதில்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

நான் 1915-இல் புகார் பதிந்தேன். தயாரிப்பாளருக்கும் இரண்டு எண்களின் படங்களோடு மின்னஞ்சல் அனுப்பினேன். கடைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போட்டேன். அதற்குப் பிறகு கடையிலிருந்து அவர்களே அழைத்தார்கள். "வேறு புதிய மிஷின் தருகிறோம் டீச்சர், புகாரைத் திரும்பப் பெறுங்கள்." அவர்களுடைய அடுத்த "புதிய" மிஷினை நம்பும் நிலையில் நான் இல்லை. பணம்தான் வேண்டும் என்றேன். இழுத்தடித்து, வங்கிக் கணக்கில் போட்டார்கள், 500 ரூபாய் குறைத்து. கேட்டதற்கு, இன்ஸ்டலேஷன் கட்டணமாம்!

இப்போது வேறு கடையில், அதே வகை டேங்க் பிரிண்டரையே வாங்கியிருக்கிறேன். பில் போடுவதற்கு முன் கவுண்டரிலேயே பெட்டியைத் திறக்கச் சொன்னேன். அந்தக் கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. எண்கள் ஒத்திருந்தன, டேங்க்குகள் காய்ந்து சுத்தமாக இருந்தன, பாட்டில்களின் சீல் உடையவில்லை, உள்ளே நகரும் பாகங்களைப் பிடித்திருக்கும் பாதுகாப்பு டேப் ஒட்டியபடி இருந்தது. வீட்டில் நானே மை ஊற்றினேன். கையேட்டைப் படித்தால் யாருக்கும் வரும் வேலைதான். பல மாதிரிகளில் ஸ்டேட்டஸ் தாள் அச்சடித்தால் மொத்தப் பக்க எண்ணிக்கை அதிலேயே தெரியும். உங்கள் மாதிரியில் அந்த வசதி இருந்தால் முதல் நாளே அச்சடித்துப் பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மாதத்துக்குப் பத்துப் பக்கம் மட்டும் அச்சடிக்கிறவர்கள் டேங்க் வாங்கி மையைக் காயவிட வேண்டாம். ஹெட் அடைத்துக்கொண்டால் அதைச் சரிசெய்யும் செலவில் பல ஆண்டுக்கு ஜெராக்ஸ் எடுக்கலாம். கறுப்பு வெள்ளை போதும் என்றால் சிறிய லேசர் பிரிண்டர் பாருங்கள். அதில் திரவ மைக்குப் பதிலாக இருக்கும் டோனர் ஒரு பொடி என்பதால் மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் உலராது. பக்கத்துக்கு ஆகும் செலவு டேங்க்கைவிட அதிகம், அவ்வளவுதான்.

500 ரூபாய்க்கான புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது. அதை விடுவதாக இல்லை. முடிவு தெரிந்ததும் இதே பதிவின் கீழே எழுதுகிறேன்.