மணிகரண் வெந்நீர் ஊற்றுப் பக்கத்து ஓட்டல்: வேலூர்க்காரர்களுக்கு ஒத்துவருமா?

மணிகரண் இமாச்சலப் பிரதேசத்து மலையூர். காட்பாடியில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறி டெல்லி, அங்கிருந்து இரவு பஸ்ஸில் பூந்தர், அப்புறம் சுமார் 35 கிலோமீட்டர் மலைச்சாலை. ஓட்டல் புதுசு. லிஃப்ட், வைஃபை, கனமான ரஜாய் (பஞ்சு மெத்தைப் போர்வை) எல்லாம் சரி.

ஆனால் காசு கொடுப்பது கீழ்த்தளத்து வெந்நீர்த் தொட்டிக்காகத்தான். ஊற்று நீர் நேராகக் குழாயில் வருகிறது, கெய்சர் கிடையாது. முதலில் பச்சைத் தண்ணீர், பிறகுதான் வெந்நீர். மாற்றித் திறந்தால் கால் பொத்துவிடும். 60 டிகிரி நீர் 3 பங்குக்கு 10 டிகிரி ஆற்று நீர் 2 பங்கு கலந்தால் 40 டிகிரி வரும். முழங்கையை விட்டுப் பார்த்து இறங்குங்கள். 10 நிமிடம் போதும். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் இறங்கவே வேண்டாம்.

குறை ஷவர்தான். நம்ம ஊர் போர்த் தண்ணீர் கெய்சரில் வெள்ளையாகப் படியுமே, அதே சுண்ணாம்பு ஓட்டைகளை அடைத்து, நூல் மாதிரி ஒழுகுகிறது. வினிகரில் ஓர் இரவு ஊறப்போட்டால் விட்டுவிடும், யாரும் செய்வதில்லை. வாளி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாடு சுமார். ஊர் ஏலகிரியைவிட உயரம், ஏறக்குறைய 1,760 மீட்டர். தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் வைத்த ராஜ்மா நறுக்கென்றே இருக்கிறது. குருத்வாராவில் (சீக்கியர் கோயில்) ஊற்றிலேயே வேகவைத்த சோறு, இலவசமாக. மதியம் அங்கே போய்விடலாம்.