முதியோரின் செவித்திறன்: வீட்டுக்குப் பொருந்தும் சோதனை எது?

திருகோணமலையில் பல முதியோர் மாதந்தோறும் கிளினிக்குக் கொண்டுசெல்லும் கொப்பியில் இரத்த அழுத்தமும் சீனியின் அளவும் ஒழுங்காகப் பதியப்படுகின்றன. செவித்திறனுக்கோ அதில் ஒரு வரியும் இருப்பதில்லை. 50 வயதிலிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறையும், 65 வயதிலிருந்து ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் செவியைப் பரிசோதிக்குமாறு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இடைப்பட்ட காலத்தில் வீட்டாரே கவனித்துக்கொள்ள என்ன வழி என்பதே இங்கு கேள்வி.

பெரும்பாலான வீடுகளில் நடப்பது விசாரிப்பு மட்டுமே. "அம்மம்மா, காது கேட்குதா?" என்று முகத்துக்கு நேரே கேட்டால், உதட்டசைவைப் பார்த்தே அவர் "ஓம்" என்று சொல்லிவிடுவார். முதுமையில் உயர் சுருதி ஒலிகளே முதலில் மங்குவதால் குரல் கேட்கும், சொல் தெளியாது. குறை தமது செவியில் இருப்பதாக அவருக்கே தோன்றாது. ஆகவே இவ்விசாரிப்பை நான் சோதனையாகக் கொள்ளமாட்டேன்.

2019இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட 'ஹியர்ஹூ' என்ற இலவசக் கைபேசிச் செயலி, இரைச்சலின் நடுவே மூன்று இலக்கங்களை ஒலிக்கச் செய்து, கேட்டதைப் பதியச் சொல்கிறது. திருவிழாக் கூட்டத்திலும் சந்தையிலும் முதியோர் படும் சிரமத்துக்கு இது மிக நெருக்கமானது. பெறுபேற்றைச் சேமித்து அடுத்த முறையோடு ஒப்பிடவும் முடியும். ஆனால் இலக்கங்கள் அவருக்குப் பழகிய மொழியில் ஒலிக்காவிட்டால், அது செவியை விட்டு மொழியறிவைச் சோதிப்பதாகிவிடும். ஹெட்போனும் தொடுதிரைப் பழக்கமும் வேறு தேவைப்படும்.

எனவே பேரப்பிள்ளைகள் உடனிருக்கும் வீட்டுக்குச் செயலியையும், ஏனையோருக்குக் கிசுகிசுப்புச் சோதனையையும் பரிந்துரைப்பேன். மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிட்டு, கோயில் ஒலிபெருக்கியும் பாங்கொலியும் ஓய்ந்த வேளையில், அவருக்குப் பின்னால் ஒரு கை நீளத் தொலைவில், அதாவது ஏறத்தாழ 60 சென்றிமீற்றரில், நிற்க வேண்டும். சோதிக்காத மறு காதின் வாயிலிலுள்ள சிறு மடலை அவரே விரலால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருக்க, நீங்கள் மூச்சை முழுவதும் வெளியே விட்டபின், எண்ணும் எழுத்தும் கலந்த மூன்றைக் கிசுகிசுக்க வேண்டும். தவறினால் வேறு மூன்று. இரு முறையும் சேர்த்து ஆறில் மூன்றையாவது சரியாகத் திருப்பிச் சொன்னால் அக்காது தேறியது. ஒவ்வொருவர் கிசுகிசுப்பும் ஒவ்வொரு அளவில் இருப்பதே இதன் பெருங்குறை. எப்போதும் ஒரே ஆள் செய்தால் அது பெருமளவு நீங்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை, கிளினிக்குக்கு முதல் நாள் மாலையில் செய்து கொப்பியின் பின்பக்கத்தில் குறித்துவைத்தால் மறந்தும் போகாது.

காதுக் குறும்பியா, தொற்றா, நரம்புத் தேய்வா என்பதை இவ்விரு முறைகளும் சொல்லமாட்டா. தேறாத காதை அரச வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைச் சிகிச்சைப் பிரிவில் காட்டி, செவிமானிப் பரிசோதனைக்குக் கேட்க வேண்டும். ஒரு காது திடீரென, ஓரிரு நாளுக்குள் மங்கிவிட்டால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றே வைத்தியரிடம் செல்ல வேண்டும்.