வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்: எந்த கிளாஸ் எடுப்பது என்று கேட்பவர்களுக்கு

பல பேர் சேர்ந்து ஆடுகிற ஆன்லைன் விளையாட்டான வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் இதுதான்: எந்த கிளாஸ், அதாவது எந்த வகை வீரர், எடுக்கலாம்? பெரும்பாலும் வருகிற பதில், இந்த சீசனில் எது டாப்பில் இருக்கிறதோ அதை எடு என்பது. இந்தப் பதில் புது ஆளுக்குக் கெடுதல் செய்கிறது என்பது என் கருத்து. அதனால் இந்த விமர்சனத்தில் கதை, கிராஃபிக்ஸ், இசை எதையும் தொடப்போவதில்லை. கிளாஸ் விஷயத்தை இந்த விளையாட்டு எப்படிக் கையாளுகிறது, கூட்டம் ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும்போது நாம் எதை வைத்து முடிவு செய்வது, இவ்வளவுதான்.

2004 நவம்பரில் வெளியானபோது ஒன்பது கிளாஸ்கள் இருந்தன. 2008-ல் டெத் நைட், 2012-ல் மங்க், 2016-ல் டீமன் ஹண்டர், 2022-ல் எவோக்கர் என்று சேர்ந்து இப்போது பதின்மூன்று. ஒவ்வொன்றுக்குள்ளும் ஸ்பெக் என்று பிரிவுகள் உண்டு, 2024-ல் தி வார் விதின் விரிவாக்கம் வந்த சமயத்தில் மொத்தம் 39. புதிதாக வருகிற ஒருவர் கேரக்டர் உருவாக்கும் திரையில் இத்தனையையும் பார்த்துவிட்டு அங்கேயே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஆனால் அந்தத் திரை சொல்கிற இரண்டு மூன்று வரிகளில் அந்த கிளாஸ் கடைசி லெவலில் கைக்கு எப்படி இருக்கும் என்பது துளியும் தெரியாது. இது இந்த விளையாட்டின் பெரிய குறை. ஆரம்ப லெவல்களில் எல்லா கிளாஸும் ஏறத்தாழ ஒன்று போலத்தான் இருக்கும், நாலு பட்டன், ஒரு எதிரி, முடிந்தது. உண்மையான குணம், திறமைகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கிற டேலன்ட் மரம் விரிந்த பிறகுதான் வெளியே வரும்.

நான் ஆடுவது ஷாமன். கூட்டம் எப்படி மாறுகிறது என்பதற்கு ஷாமனை விட நல்ல உதாரணம் கிடையாது, அதனால் அதை விரிவாகவே சொல்கிறேன். இந்த விளையாட்டில் ஹோர்டு, அலையன்ஸ் என்று இரண்டு எதிரணிகள். முதலில் ஷாமன் ஹோர்டு பக்கத்துக்கு மட்டும்தான், அலையன்ஸ் பக்கம் அதற்குப் பதிலாக பாலடின். 2007-ல் பர்னிங் குரூசேட் விரிவாக்கம் வந்து இந்தத் தடையை எடுத்தது, அத்தோடு பிளட்லஸ்ட் என்ற மந்திரத்தையும் ஷாமனுக்குக் கொடுத்தது. அலையன்ஸ் பக்கம் அதற்குப் பெயர் ஹீரோயிசம். நாற்பது நொடிக்கு எல்லோருடைய வேகமும் 30 சதவீதம் கூடும். அப்போது அது ரெய்டு (பெரிய கூட்டமாகச் சேர்ந்து பாஸ்களோடு மோதுவது) முழுக்கப் போய்ச் சேராது, ஷாமன் இருக்கிற ஐந்து பேர் குழுவுக்கு மட்டும்தான் வேலை செய்யும். ஆக, 25 பேர் ரெய்டில் ஐந்து குழு, குழுவுக்கு ஒரு ஷாமன் இருந்தால் நல்லது என்ற கணக்கு வந்தது, கில்டுகள் எனப்படும் வீரர் சங்கங்கள் ஷாமனைத் தேடித் தேடிச் சேர்த்தன. அந்தக் காலத்தில் ஷாமன் ஆடியவருக்கு ரெய்டில் இடம் கிடைப்பது பற்றிக் கவலையே இல்லை.

அப்புறம் 2008-ல் அதே மந்திரம் ரெய்டு முழுவதற்கும் போகும்படி மாறியது, ஒருமுறை போட்டால் அடுத்த சில நிமிடங்களுக்கு மறுபடி யார் மீதும் வேலை செய்யாது என்ற கட்டுப்பாடும் சேர்ந்தது. ஐந்து ஷாமன் தேவைப்பட்ட இடத்தில் ஒருவர் போதும் என்றாகிவிட்டது. 2010-ல் கேட்டக்ளிசம் வந்தபோது மேஜ் கிளாஸுக்கு டைம் வார்ப் என்ற பெயரில் அதே சக்தி கிடைத்தது, ஹண்டரின் சில வளர்ப்பு மிருகங்களுக்கும் கிடைத்தது. பின்னாளில் எவோக்கருக்கும் வந்தது. இந்த மாற்றங்களில் ஷாமனின் மின்னலோ எரிமலைக் குழம்போ மோசமாகிவிடவில்லை, ஆடுகிறவரின் கைத்திறனும் குறையவில்லை. ஆனாலும் தேவை குறைந்தது, ஆட்கள் வேறு பக்கம் போனார்கள். பின்பு தி வார் விதினில் ஸ்கைஃப்யூரி என்ற பஃப் (கூட இருப்பவர்களின் பலத்தைக் கூட்டும் மந்திரம்) ஷாமனுக்கென்று தனியாக வந்ததும், "ஷாமன் இருக்கிறாரா?" என்ற கேள்வி மறுபடி ரெய்டுகளில் கேட்க ஆரம்பித்தது.

இந்த ஏற்ற இறக்கத்தை முன்கூட்டியே கணித்து கிளாஸ் தேர்ந்தெடுப்பது ஆகிற காரியம் இல்லை. பேட்ச் வரும், வாராந்திர ரீசெட்டோடு சின்னச் சின்ன டியூனிங் வரும், ஒரு ஸ்பெக்குக்கு ஐந்து சதவீதம் ஏறும், இன்னொன்றுக்கு மூன்று இறங்கும், உடனே தரவரிசைப் பட்டியல்கள் தலைகீழாகும். இன்றைக்கு மேலே இருக்கிறது என்று ஒரு கேரக்டரைத் தொடங்கி, லெவல் ஏற்றி, கியர் சேர்த்து, டன்ஜன்களின் (ஐந்து பேர் குழுவாக முடிக்கிற தளங்கள்) பாதை பழகி முடிப்பதற்குள் அந்தப் பட்டியலே பழையதாகியிருக்கும்.

சரி, மெட்டா, அதாவது இப்போதைக்கு எது வலுவானது என்கிற கணக்கு, வெறும் பிரமையா? அதுவும் இல்லை. 2023 ஜூலையில் எவோக்கருக்கு ஆக்மென்டேஷன் என்ற மூன்றாவது ஸ்பெக் வந்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். அது தானாக அடிப்பதை விட, கூட இருக்கிறவர்களின் அடியைப் பெருக்குவதுதான் அதன் வேலை. இந்த மாதிரி ஒரு ஸ்பெக் அதற்கு முன் இந்த விளையாட்டில் இருந்ததே இல்லை. யாருடைய டேமேஜில் எவ்வளவு பங்கு இவருடையது என்று மீட்டர்களில் பிரித்துக் காட்டுவதே முதலில் திண்டாட்டமாக இருந்தது. கடினம் படிப்படியாக ஏறிக்கொண்டே போகிற மித்திக் பிளஸ் டன்ஜன்களின் உயர்மட்டத்தில் ஆக்மென்டேஷன், ஃபயர் மேஜ், ஷேடோ பிரீஸ்ட் என்ற மூவர் கூட்டணி அந்த சீசனை ஆட்டிப்படைத்தது. அந்த உயரத்தில், மேலே முட்டி மோதுகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் நிஜம்.

என் குறை எல்லாம் அது கீழே வழிகிற விதத்தைப் பற்றித்தான். மித்திக் பிளஸில் ஐந்து பேர், அடி தாங்க ஒரு டேங்க், குணப்படுத்த ஒரு ஹீலர், அடிக்க மூன்று பேர், கூடவே ஒரு கடிகாரம். நேரத்துக்குள் முடித்தால் கீ (டன்ஜனின் கடின அளவைக் குறிக்கிற சாவி) ஏறும், முடிக்காவிட்டால் ஒரு படி இறங்கும். கீ யாருடையதோ அவருக்குத்தான் அந்த நஷ்டம். குழுவுக்கு ஆள் தேடுகிற குரூப் ஃபைண்டரில் விண்ணப்பங்கள் வந்து குவியும்போது அவர் கண்ணுக்குத் தெரிவது நான்கு விஷயங்கள்: கிளாஸ், ஸ்பெக், ஐட்டம் லெவல் (கியரின் தரம்), ரேட்டிங் (இதுவரை முடித்த கீகளுக்கான மதிப்பெண்). ஆள் நிதானமானவரா, பாஸின் மந்திரத்தைச் சரியான நேரத்தில் தடுப்பவரா என்பது எதுவும் தெரியாது. தெரியாத இடத்தில் பயம்தான் முடிவெடுக்கும், பட்டியலில் மேலே இருக்கிற ஸ்பெக்கை அழைத்துக்கொள்வார். எந்த கிளாஸை வைத்தும் சுலபமாக முடிக்கக்கூடிய கீழ்மட்டக் கீகளிலும் இதுதான் நடக்கிறது, ஏனென்றால் கடினமான கீக்கும் சுலபமான கீக்கும் விண்ணப்பத் திரை ஒன்றுதான். ரேட்டிங்கை 2021-ல் விளையாட்டுக்குள்ளேயே காட்ட ஆரம்பித்தார்கள், அது ஓரளவு நல்லது செய்தது, நன்றாக ஆடுகிறவருக்கு அது ஒரு சான்று. ஆனால் புதிதாக வருகிறவருக்கு அந்த எண் பூஜ்யம், அவரிடம் இருப்பது கிளாஸின் பெயர் மட்டும்தான். அதனால்தான் அவரும் அடுத்த மாதம் ஃபேஷனான கிளாஸுக்கு ரீரோல் செய்து, அதாவது புது கேரக்டர் உருவாக்கி, மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார். பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இதற்கு நான் கண்ட நல்ல வழி, ரோலை, அதாவது டேங்கா, ஹீலரா, அடிக்கிறவரா என்பதை, முதலில் முடிவு செய்வது. ஹீலரும் டேங்கும் எந்த சீசனிலும் பற்றாக்குறைதான். 2011-லேயே டன்ஜன் ஃபைண்டரில் பற்றாக்குறையான ரோலில் வருகிறவர்களுக்குப் பரிசுப் பை கொடுக்கிற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள் என்றால் பிரச்சினை எவ்வளவு பழையது என்று பாருங்கள். அடிக்கிற ஸ்பெக் மட்டுமே இருக்கிற மேஜ், வார்லாக், ரோக், ஹண்டர் எல்லாம் அருமையான கிளாஸ்கள், ஆனால் சீசன் சாதகமாக இல்லாவிட்டால் அவர்களுக்கு வேறு ரோலுக்கு மாற வழி கிடையாது. ஷாமனுக்கு எலிமென்டல், என்ஹான்ஸ்மென்ட், ரெஸ்டோரேஷன் மூன்றும் இருப்பதால், ஒன்று கீழே போனால் அதே கேரக்டரில் இன்னொன்றுக்குப் போய்விடலாம். டிரூயிட்டிடம் நான்கு ஸ்பெக், டேங்க், ஹீலர், அருகே நின்று அடிப்பது, தூரத்திலிருந்து அடிப்பது என்று எல்லாமே. பாலடின், மங்க் இரண்டிலும் மூன்று ரோலும் உண்டு.

அடுத்தது கை. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு, எனக்கு இதுதான் முக்கியம். என்ஹான்ஸ்மென்ட் ஆடும்போது கோடாரி அடியில் மேல்ஸ்ட்ரோம் என்ற சக்தி அடுக்கடுக்காகச் சேரும், ஐந்து சேர்ந்தால் மின்னலைக் காத்திருக்காமல் உடனே விடலாம், இன்னும் சேர்த்து வைத்தால் இன்னும் பெரிய அடி, எப்போது செலவழிப்பது என்று ஒவ்வொரு நொடியும் யோசித்துக்கொண்டே இருக்க வேண்டும், அந்த அவசரம் சிலருக்கு உயிர், சிலருக்குத் தலைவலி. எலிமென்டலில் அப்படி இல்லை. ஃபிளேம் ஷாக் என்ற தீ மந்திரத்தைப் போட்டுவிட்டு நின்று நிதானமாக மந்திரம் சொல்கிற ஆட்டம், நடுவில் லாவா சர்ஜ் வந்து ஒரு லாவா பர்ஸ்ட் இலவசம் போலக் கையில் விழும்போது ஒரு சந்தோஷம். கிளாஸின் பெயர் ஒன்றுதான், ஆட்டம் இரண்டும் வேறு வேறு. எந்தத் தரவரிசையும் உங்களுக்கு எந்த வகை பிடிக்கும் என்று சொல்லாது.

நம் ஊரிலிருந்து ஆடுகிறவர்களுக்கு இன்னொன்று: பிங், அதாவது சர்வருக்குத் தகவல் போய்வர ஆகிற நேரம். இந்தியாவுக்கென்று சர்வர் கிடையாது, ஐரோப்பாவோ ஆஸ்திரேலியாவோ அமெரிக்காவோ போய்த்தான் ஆட வேண்டும், 150, 200 மில்லிசெகண்ட் சாதாரணம். நல்லவேளையாக இந்த விளையாட்டில் அடுத்த மந்திரத்தை முந்தியதன் நேரம் முடிவதற்கு 400 மில்லிசெகண்ட் முன்பே அழுத்தி வரிசையில் போட்டுவைக்கலாம், அதனால் வழக்கமான அடியில் பிங் பெரிதாக உறுத்தாது. உறுத்துவது எதிரியின் மந்திரத்தைத் தடுக்கும்போதுதான். ஷாமனின் விண்ட் ஷியர் முப்பது கெஜ தூரத்திலிருந்தே வேலை செய்யும், பாய்ந்து பக்கத்தில் போய் உதைக்க வேண்டிய கிளாஸ்களை விட இது நிம்மதி. வழிகாட்டி எழுதுகிறவர்கள் குறைந்த பிங்கை வைத்துத்தான் எழுதுகிறார்கள் என்பதை மனதில் வையுங்கள்.

இதே வகை விளையாட்டான ஃபைனல் ஃபேன்டஸி 14-ஐ இங்கே குறிப்பிடாமல் விட முடியாது. அதில் ஒரே கேரக்டர் எல்லா ஜாப்களையும் (அங்கே கிளாஸுக்கு அந்தப் பெயர்) கற்றுக்கொள்ளலாம், ஆயுதத்தை மாற்றினால் ஜாப் மாறிவிடும். தேர்ந்தெடுக்கிற பதற்றமே இல்லை. அந்த விஷயத்தில் அது வார்கிராஃப்டை விட ஒரு படி மேல் என்று ஒப்புக்கொள்கிறேன். வார்கிராஃப்டில் வேறு கிளாஸ் வேண்டுமென்றால் வேறு கேரக்டர்தான். தி வார் விதினில் ஒருவருடைய கேரக்டர்களை எல்லாம் இணைக்கிற வார்பேண்ட் வந்த பிறகு செல்வாக்குப் புள்ளிகள் உட்படப் பலவும் எல்லா கேரக்டர்களுக்கும் பொதுவாகிவிட்டதால், இரண்டாவது கேரக்டர் வைத்துக்கொள்வது முன்பு போலத் தண்டனையாக இல்லை. எனக்கு இருந்தாலும் ஒரு கிளாஸ், ஒரு கேரக்டர் என்கிற பழைய பிணைப்புதான் பிடித்திருக்கிறது. என் ஷாமன் ஷாமனாக மட்டும் இருப்பதில்தான் அவளுக்கு ஒரு முகம் இருக்கிறது.

ஆடிப் பார்ப்பதற்கு இப்போது வசதிகள் கூடியிருக்கின்றன, இதற்காக மனமாரப் பாராட்ட வேண்டும். 2024 தொடக்கத்தில் வந்த ஃபாலோயர் டன்ஜன்களில் மற்ற நான்கு பேரும் கணினி நடத்துகிற துணைவர்கள், டேங்கோ ஹீலிங்கோ யாரும் திட்டுவார்கள் என்ற பயமில்லாமல் பழகலாம். டெல்வ் என்ற சின்னச் சாகசத் தளங்களில் தனியாகவே போகலாம், கணினி நடத்துகிற ஒரு துணைவர் கூட வருவார், தி வார் விதினில் அது பிரான் பிரான்ஸ்பியர்ட். 2025-ல் அடுத்து எந்தப் பட்டன் என்று ஒளிர்த்துக் காட்டுகிற உதவியும் வந்தது. ஒரே பட்டனை அழுத்தி ஆடுகிற வசதியும் உண்டு, வேகம் கொஞ்சம் குறையும், கை வலி உள்ளவர்களுக்கு அது பெரிய வரம்.

விலை: மாதச் சந்தா 14.99 டாலர், பழைய விரிவாக்கங்கள் அதிலேயே அடக்கம், புதியதை மட்டும் தனியாக வாங்க வேண்டும். நம் கணக்கில் இது சின்னத் தொகை இல்லை. 20-வது லெவல் வரை இலவசம். ஒரே கிளாஸைச் சொல்லச் சொன்னால் நான்கு ஸ்பெக்குக்காக டிரூயிட்டைச் சொல்வேன், மனதைக் கேட்டால் ஷாமன். ஆனால் நீங்கள் அந்த இலவச எல்லைக்குள்ளேயே மூன்று நான்கு கிளாஸ்களை 20 வரை கொண்டுபோய்ப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு ஸ்பெக்கையாவது மாற்றி ஆடுங்கள், வேலை முடிந்து வந்து உட்கார்ந்ததும் எதைத் திறக்கக் கை போகிறதோ அதற்குச் சந்தா கட்டுங்கள்.