ஹை கார்டா, ஷோல்டர் ரோலா?

தாராவி 90 அடி சாலைப் பக்கம் பாக்சிங் பழகும் நம் தமிழ்ப் பையன்கள் பலருக்கும், குத்தைத் தோளால் தடுக்கும் ஷோல்டர் ரோல் மேல்தான் கண். தொழில்முறையில் 50 சண்டையிலும் தோற்காத அமெரிக்க பாக்சர் மேவெதரின் பாணி ஆச்சே, ஆசை வரத்தான் செய்யும்.

இடது தோளைத் தாடையருகே உயர்த்தி, இடது கையை வயிற்றுக்குக் குறுக்கே வைத்து, வலது உள்ளங்கையைக் கன்னத்தோரம் காவலுக்கு நிறுத்த வேண்டும். எதிராளியின் வலது குத்து வரும்போது இடுப்பை லேசாகத் திருப்பினால், அது தோளில் பட்டு வழுக்கிப் போகும். அந்த நொடியே நம் வலது கை திருப்பி அடிக்கலாம். பார்க்கவே அழகு! ஆனால் கணிப்பு கொஞ்சம் பிசகினாலும் தாடை திறந்து கிடக்கும். எதிரே இடதுகைக்காரர் நின்றால் இன்னும் சிரமம்.

ஹை கார்டில் இரண்டு கையுறையும் கன்னத்தோடு, முழங்கைகள் விலாவோடு. வெறுங்கைச் சண்டைக் காலத்தில் இப்படி ஒளிய முடியாது. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய பாக்சர் டேனியல் மெண்டோசா விலகியும் தட்டிவிட்டும்தான் தப்பித்தார். 1867இன் குவீன்ஸ்பெரி பாக்சிங் விதிகள் கையுறையைக் கட்டாயமாக்கிய பிறகே இதற்கு வழி பிறந்தது. பயிற்சியாளர் கஸ் டமாட்டோ இதோடு ஓயாத தலையசைவைச் சேர்த்தார். அவர் வளர்த்த டைசன் 1986இல் 20 வயதிலேயே ஹெவிவெயிட் சாம்பியன்.

ஹை கார்டில் பார்வை மறையும், உடம்பில் அடி விழும் என்பது உண்மைதான். ஆனாலும் புதிதாகப் பழகுபவருக்கு நான் ஹை கார்டைத்தான் சொல்வேன். அமெச்சூர் போட்டியில் 3 நிமிடமாக 3 ரவுண்டுதான். எதிராளியை நிதானமாகப் படிக்க நேரமில்லை. தோளில் பட்ட குத்துகூட நடுவர் கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியலாம். ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், கண் பழகட்டும், அப்புறம் ஷோல்டர் ரோலை எடுக்கலாம்.